வலியாரை எதிர்த்து ஒரு சீட்டாட்டம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டதுமே நம் வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் சுளிப்பதில் நியாயம் உண்டு. ஆயினும் கணிதத்தின் சிறந்த கிளைகளுள் ஒன்று சீட்டாட்ட மேசையின் அருகில்தான் வளர்ந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நியூமன் 1928-ஆம் ஆண்டில் இருவர் ஆடும் ஆட்டங்களைப் பற்றி ஒரு தேற்றத்தை நிறுவினார். பின்னர் 1944-இல் பொருளாதார அறிஞர் மார்கன்ஸ்டர்னோடு சேர்ந்து அவர் வெளியிட்ட பெருநூலில் போக்கர் என்னும் சீட்டாட்டத்துக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கப்பட்டது. ஆட்டக் கோட்பாடு என்று இன்று வழங்கும் துறை இவ்வாறு உருவானதே.

அத்துறையில் ஒரு சுவையான வினாவை இங்கே எடுத்துக்கொள்வோம். தம்மைவிட வலிய ஒருவரோடு, இணையத்தின் வழியே, இருவர் மட்டுமே ஆடும் போக்கர் போட்டியில் ஒருவர் இறங்க வேண்டியிருக்கிறது. அவர் எப்படி ஆயத்தம் செய்ய வேண்டும்? அந்த ஆயத்தம் அவருக்கு எதைத் தரும், எதைத் தராது?

வலியறிதல் என்றோர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஒரு செயலில் இறங்குமுன் செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, இருவருக்கும் துணையாவார் வலிமை என்னும் நான்கையும் சீர்தூக்கச் சொன்னார். இந்த வினாவுக்கும் அந்த நான்கு அளவைகளே போதும்.

செயலின் வலிமை

முதலில் ஆட்டத்தின் தன்மையைக் காண்போம். இன்று பெரிதும் ஆடப்படும் வகைக்கு டெக்சாஸ் ஹோல்டெம் என்று பெயர். ஐம்பத்திரண்டு சீட்டுக் கட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். நடுவில் ஐந்து சீட்டுகள் எல்லோரும் காணத் திறக்கப்படும்; முதலில் மூன்று, பின் ஒன்று, பின் மற்றொன்று. இடையிடையே நான்கு சுற்றுப் பந்தயம் நடக்கும். எதிரி பந்தயம் வைத்தால் அதற்குச் சரியாகக் கட்டலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். கையில் சரக்கில்லாமலே இருப்பதுபோல் பந்தயம் வைப்பதும் உண்டு. அதைப் பொய்ப் பந்தயம் என்று குறிப்போம். ஒருமுறை சீட்டுப் போட்டு முடிவதை ஆட்டம் என்றும், பல்லாயிரம் ஆட்டங்கள் சேர்ந்ததைப் போட்டி என்றும் சொல்வோம்.

ஒன்பது பேர் அமர்ந்த மேசையில் பொறுமைசாலி பிழைத்துக்கொள்வான். நல்ல சீட்டு வரும்வரை விலகி விலகி உட்கார்ந்திருக்கலாம். இருவர் ஆட்டத்தில் அது நடவாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவருமே ஒரு கட்டாயத் தொகையை முன்னரே வைத்தாக வேண்டும். இரண்டு சீட்டுகள் 1,326 விதமாக ஒருவர் கைக்கு வரலாம். அவற்றுள் சிறந்தவை மிகச் சில. அந்தச் சிலவற்றுக்காகக் காத்திருப்பவன் கட்டாயத் தொகையிலேயே கரைந்து போவான். ஆகவே நடுத்தரமான, ஐயத்துக்குரிய சீட்டுகளோடு ஓயாமல் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வலியவருக்கும் மெலியவருக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுவது அங்கேதான்.

இணையத்தில் ஆடும்போது எதிரியின் முகம் தெரியாது. கை நடுக்கமோ கண் சிமிட்டலோ காணக் கிடைக்காது. சீட்டுப் போடும் நேரம் மிச்சமாவதால் ஆட்டங்கள் விரைந்து ஓடும். ஒரே வேளையில் இரண்டு மேசைகளில் ஆடுவதும் உண்டு. எஞ்சுவது எண் கணக்கு ஒன்றே.

மாற்றான் வலிமை

இதற்கு அண்மைக் காலத்து உண்மை நிகழ்ச்சி ஒன்று உண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் பிறந்த டேனியல் நெக்ரானு உலகப் புகழ்பெற்ற போக்கர் ஆட்டக்காரர். எதிரே அமர்ந்தவரின் பேச்சையும் போக்கையும் கொண்டு அவர் கையிலுள்ள சீட்டைக் கணிப்பதில் பேர் பெற்றவர். அமெரிக்கரான டக் போல்க் என்பவரோ இணையத்தில் இருவர் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு உயர்ந்தவர். நெடுநாள் சொற்போருக்குப் பின் இருவரும் 25,000 ஆட்டங்கள் கொண்ட போட்டிக்கு ஒப்பினர். கட்டாயத் தொகை 200 டாலரும் 400 டாலரும்.

போட்டி 2020-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் லாஸ் வேகாஸ் நகரில் தொடங்கியது. முதல் 200 ஆட்டங்கள் மட்டும் நேரில் நடந்தன, எஞ்சியவை இணையத்தில். இந்த வகை ஆட்டத்தில் போல்க்கே வலியவர் என்பது எல்லோரும் அறிந்தது. நெக்ரானுவும் அதை மறுக்கவில்லை. அவர் பயிற்சியாளர்களை அமர்த்திக்கொண்டு, கணினி நிரல்களின் துணையோடு தம் ஆட்டத்தை அடியிலிருந்து திருத்திக்கொண்டார். முகம் பார்த்து ஆடிய பழைய வித்தை இந்தக் களத்தில் உதவாது என்று உணர்ந்து, நடுவயதில் மீண்டும் மாணவரானார் எனலாம்.

முதல் நாள் நேரில் நடந்த ஆட்டத்தில் வென்றவர் நெக்ரானுவே. ஆனால் 2021 பிப்ரவரி 4-இல் போட்டி முடிந்தபோது போல்க் ஏறத்தாழ 12 லட்சம் டாலர் வென்றிருந்தார். பெரிய கட்டாயத் தொகையான 400 டாலரை ஓர் அலகாகக் கொண்டால், இது நூறு ஆட்டத்துக்குச் சராசரியாக 12 அலகு ஆகிறது.

இத்தனை ஆயத்தமும் வீண்தானா என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை காண, ஆயத்தம் என்பது எதைச் செய்யவல்லது என்பதை ஒரு சிறிய ஆட்டத்தில் கணக்கிட்டுப் பார்ப்போம்.

தன் வலிமை

ஹரால்டு கூன் என்னும் கணித அறிஞர் 1950-இல் மூன்றே சீட்டுகளைக் கொண்டு ஒரு குட்டிப் போக்கரை அமைத்தார். ராஜா, ராணி, ஜாக்கி, அவ்வளவே. இருவரும் ஆளுக்கு ஒரு காசு நடுவில் வைக்கின்றனர். ஆளுக்கொரு சீட்டு, மூன்றாவது சீட்டு மூடியே கிடக்கும். முதலாமவர் ஒரு காசு பந்தயம் வைக்கலாம், அல்லது சும்மா இருக்கலாம். அவர் சும்மா இருந்தால் இரண்டாமவருக்கும் அதே உரிமை உண்டு. ஒருவர் பந்தயம் வைத்தால் மற்றவர் சரியாக ஒரு காசு கட்ட வேண்டும் அல்லது விலக வேண்டும். இறுதியில் உயர்ந்த சீட்டுக்காரர் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வார்.

இந்த ஆட்டத்தில் முதலாமவர் இடம் மெலிந்த இடம். இருவரும் பிழையின்றி ஆடினால் முதலாமவர் சராசரியாக ஆட்டத்துக்குப் பதினெட்டில் ஒரு பங்கு காசு இழப்பார். இதை யாராலும் மாற்ற இயலாது. அந்த மெலிந்த இடத்தில் நம்மை வைத்து எண்ணிப் பார்ப்போம்.

நாம் ஆடச் சரியான வழிகளுள் எளியது இது: முதலில் எப்போதும் பந்தயம் வைக்காமல் இருக்க வேண்டும். எதிரி பந்தயம் வைத்தால், கையில் ராஜா இருக்கும்போது கட்ட வேண்டும். ஜாக்கி இருக்கும்போது விலக வேண்டும். சிக்கல் ராணியில்தான். எதிரி ராஜாவோடு வருகிறாரா, ஜாக்கியை வைத்துக்கொண்டு பொய்ப் பந்தயம் வைக்கிறாரா என்று தெரியாது.

அஞ்சுகிறவன் ராணியோடு எப்போதும் விலகிவிடுவான். வலிய எதிரி அதை விரைவில் கண்டுகொண்டு, ஜாக்கி வந்தபோதெல்லாம் பொய்ப் பந்தயம் வைப்பார். ஆறு விதச் சீட்டு அமைப்புகளையும் எழுதிக் கூட்டினால், இழப்பு ஆட்டத்துக்கு ஆறில் ஒரு பங்கு காசாக உயர்கிறது. வீம்புக்காரன் ராணியோடு எப்போதும் கட்டுவான். எதிரி அவனிடம் பொய்ப் பந்தயமே வைக்கமாட்டார். ராஜாவோடு மட்டும் வருவார். கூட்டிப் பார்த்தால் அங்கும் இழப்பு ஆறில் ஒரு பங்குதான். அச்சமும் வீம்பும் ஒரே விலைக்குப் போகின்றன!

மூன்றில் ஒருமுறை கட்டி, மூன்றில் இருமுறை விலகுகிறவன் நிலை என்ன? எதிரி ஜாக்கியோடு எப்போதும் பொய்ப் பந்தயம் வைத்தாலும் இழப்பு பதினெட்டில் ஒன்றே. ஒருபோதும் வைக்காவிட்டாலும் பதினெட்டில் ஒன்றே. எதிரி உலகிலேயே சிறந்தவராயினும் அதற்குமேல் ஒரு செப்புக் காசும் பிடுங்க முடியாது. 180 ஆட்டங்களில் அஞ்சுகிறவனும் வீம்புக்காரனும் முப்பது காசு இழக்க, கணக்கறிந்தவன் பத்துக் காசு இழக்கிறான்.

மெலியவர் செய்யத்தக்க ஆயத்தம் இதுவே. எதிரியின் மனத்தைப் படிக்க முயல்வது அவருடைய முதல் வேலை அன்று. மனம் படிக்கும் போட்டியில் வலியவர் எப்படியும் முந்துவார். தம் ஆட்டத்தில் எவரும் நுழைய முடியாதபடி ஓட்டைகளை அடைப்பதே முதல் வேலை. மதில் கட்டினவன் படையெடுத்து வெல்லாமல் போகலாம், ஆனால் சூறையாடப்படமாட்டான்.

மூன்றில் ஒருமுறை என்பதை எப்படிக் கடைப்பிடிப்பது? மனத்தை நம்பலாகாது. சற்றுமுன் தோற்றவன் மனம் வேகமாய்க் கட்டத் தூண்டும். சற்றுமுன் வென்றவன் மனம் பதுங்கச் சொல்லும். அந்த ஒழுங்கையும் எதிரி படித்துவிடுவார். கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்து, அது முதல் இருபது நொடிக்குள் நின்றால் கட்டுவது, இல்லையேல் விலகுவது என்று வைத்துக்கொள்ளும் ஆட்டக்காரர்கள் உண்டு. தன் மனமே தனக்குப் பகையாகக்கூடிய இடத்தில் அதை ஒதுக்கிவைப்பதும் ஓர் ஆயத்தமே.

துணையின் வலிமை

பெரிய ஆட்டத்தில் இத்தகைய கணக்கைக் கையால் போட முடியாது; கணினி துணைவர வேண்டும். கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார், பந்தயத் தொகைக்கு வரம்புள்ள இருவர் ஹோல்டெம் ஆட்டத்தை நடைமுறையில் முழுதும் தீர்த்துவிட்டதாக 2015-இல் அறிவித்தனர். வரம்பில்லாத ஆட்டம் அதைவிடப் பன்மடங்கு விரிந்தது. அதே 2015-இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் கிளாடிகோ என்ற நிரலை, மேலே கண்ட டக் போல்க் உள்ளிட்ட நான்கு வல்லுநர்கள் எதிர்த்து 80,000 ஆட்டங்கள் ஆடினர். நிரலைவிட மனிதர் கையே ஓங்கியது.

ஈராண்டுகளில் நிலைமை மாறியது. பேராசிரியர் தூமாஸ் சாண்ட்ஹோமும் அவர் மாணவர் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்னும் நிரல், 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் நான்கு வல்லுநர்களை எதிர்த்து இருபது நாள்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடி, 17,66,250 டாலர் மதிப்புள்ள ஆட்டக் காசுகளை வென்றது. நூறு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 14.7 அலகு!

அந்த வெற்றியின் இரகசியம் நமக்கு ஒரு பாடம். வல்லுநர்கள் இரவுதோறும் கூடிப் பேசி, நிரலின் பலவீனத்தைத் தேடினர். நிரல் என்ன செய்தது தெரியுமா? பகலில் அவர்கள் தன்னுடைய எந்த இடத்தைத் தாக்கினார்களோ, அந்த இடத்தை இரவில் மீண்டும் கணக்கிட்டுச் செப்பனிட்டது. எதிரியின் குறையைத் தேடாமல் தன் குறையையே நாள்தோறும் தேடியது. தேர்வுக்குப் படிக்கும் நமக்கும் இது பொருந்துமன்றோ?

இன்று பயிற்சிக்கான நிரல்கள் ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கின்றன. தாம் ஆடிய ஆட்டங்களைப் பதிவுசெய்து, பிறகு அவற்றை நிரலின் விடையோடு ஒப்பிட்டு, மீண்டும் மீண்டும் நேரும் பிழையைத் திருத்திக்கொள்வது முறையான பயிற்சி. ஆட்டம் நடக்கும்போதே நிரலைக் கேட்டு ஆடுவது மோசடி. தேர்வுக் கூடத்தில் துண்டுச் சீட்டு வைத்திருப்பதற்கு ஒப்பானது.

எத்தனை ஆட்டம்?

ஆயத்தத்தில் பலர் கருதாத பகுதி ஒன்று உண்டு. அது போட்டியின் நீளம். நம் புள்ளியியல் பாடத்தில் வரும் இயல்நிலைப் பரவல் இங்கே கைகொடுக்கிறது. வலியவரின் மேன்மை நூறு ஆட்டத்துக்குச் சராசரி 5 அலகு என்றும், நூறு ஆட்டத்தில் திட்ட விலக்கம் 100 அலகு என்றும் ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சராசரி இழப்பு ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் வளரும். திட்ட விலக்கமோ அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளரும்.

நூறு ஆட்டத்தில் மெலியவர் முன்னணியில் இருக்கும் வாய்ப்பு 100-க்கு 48. ஏறக்குறைய சமநிலை! பத்தாயிரம் ஆட்டத்தில் அது 31 ஆகிறது. நாற்பதாயிரத்தில் 16. ஒரு லட்சத்து அறுபதாயிரத்தில் 2 மட்டுமே. குறுகிய போட்டியில் அதிர்ஷ்டம் மெலியவருக்கும் முகம் காட்டும். நீண்ட போட்டியில் அது வலியவர் வீட்டிலேயே குடியேறிவிடும். நெக்ரானு முதல் நாள் வென்றதும் முடிவில் தோற்றதும் இதனோடு முற்றும் பொருந்துகின்றன.

எனவே வலியவரோடு ஆட நேர்ந்தால் போட்டி குறுகியதாக இருக்க வேண்டும். கையிருப்பு சிறிதாக இருப்பதும் நல்லது. கட்டாயத் தொகையைப்போல் பத்து மடங்கே கையில் உள்ளபோது, முழுவதையும் வை அல்லது விலகு என்ற இரண்டு முடிவுகளை மட்டும் கொண்டு ஆடலாம். எந்தச் சீட்டுக்கு எது என்பது அட்டவணையாகவே கணக்கிடப்பட்டுள்ளது. வலியவர் தம் திறனைக் காட்டுவதற்கு அங்கே இடம் சுருங்கிவிடுகிறது. எப்போது எழுந்து போவது என்பதையும் அமருமுன்னரே முடிவு செய்ய வேண்டும். மேலே சொன்ன போட்டியிலும், பாதி வழியில், அதாவது 12,500 ஆட்டங்கள் முடிந்ததும், தோற்பவர் விரும்பினால் விலகலாம் என்ற விதி முன்னரே எழுதப்பட்டிருந்தது.

மேசைக்கு வாடகை

இதுவரை இருவரைப் பற்றியே பேசினோம். இணையத்தில் பணம் வைத்து ஆடும்போது மூன்றாமவர் ஒருவரும் உண்டு. அவர் மேசைக்குச் சொந்தக்காரரான நிறுவனத்தார். ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் சேர்ந்த தொகையில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொள்வார்.

கூனின் குட்டி ஆட்டத்துக்கே திரும்புவோம். நடுவில் எப்போதும் குறைந்தது இரண்டு காசு உண்டு. அதில் நூற்றுக்கு ஐந்து பிடித்தால் ஆட்டத்துக்குப் பத்தில் ஒரு காசு போகிறது. 180 ஆட்டத்தில் குறைந்தது 18 காசு. அந்த 180 ஆட்டத்தில் பிழையின்றி ஆடிய வலியவர், பிழையின்றி ஆடிய மெலியவரிடமிருந்து வெல்லக்கூடியது பத்துக் காசுதான் என்று கண்டோம். சீட்டையே தொடாதவர் வலியவரைவிட அதிகம் எடுத்துச் செல்கிறார்! அவரை எதிர்த்து ஆயத்தம் செய்ய ஒரு வழியும் இல்லை. ஏனெனில் அவர் ஆடுவதே இல்லை.

இந்தக் கணக்கு நமக்கு வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. நம் வயதினர் பலர் கைப்பேசியில் ரம்மியும் போக்கரும் ஆடிப் படிப்புக்கட்டணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் இழந்தனர். உயிரையே மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. இதனாலேயே தமிழக அரசு 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, அவ்வாண்டே சட்டமும் இயற்ற முனைந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் அவற்றுக்குப் பணம் செலுத்தத் துணைபோவதையும் குற்றமாக்கியது.

இவை திறமை ஆட்டங்களா, அதிர்ஷ்ட ஆட்டங்களா என்று வழக்குமன்றங்களில் நெடுங்காலம் வாதாடினர். போக்கரில் திறமை உண்டு என்பதை மேலே கண்ட எண்களே காட்டுகின்றன. ஆனால் மெலியவருக்கு அதில் என்ன ஆறுதல்? திறமை ஆட்டம் என்றால் திறமை குறைந்தவர் நாளடைவில் தோற்றே தீர்வார் என்பதுதான் பொருள். புதிதாக அமர்பவர் யாராயினும், எதிரே முகம் தெரியாமல் அமர்ந்திருப்பவர் வலியவராக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

முடிவுரை

ஆயத்தம் என்பது மெலியவரை வலியவராக்கும் மந்திரம் அன்று. இழப்புக்கு ஒரு தரை கட்டுவதே அதன் வேலை. முப்பது காசை அது பத்தாக்கும், பத்தை இலாபமாக்காது. நெக்ரானுவின் உழைப்பையும் அவ்வாறே மதிப்பிட வேண்டும். ஆயத்தமின்றி இறங்கியிருந்தால் அந்த 12 லட்சம் எங்கே போய் நின்றிருக்கும்!

பணத்தை விலக்கிவிட்டுப் பார்த்தால் இது அரிய கணிதப் பயிற்சி. மூன்று சீட்டும் சில புளியங்கொட்டைகளும் போதும். நண்பர் இருவர் அமர்ந்து கூனின் ஆட்டத்தை 180 முறை ஆடி, ராணி வந்தபோது தாம் செய்ததை ஏட்டில் குறித்துப் பார்க்கலாம். அச்சம் எவ்வளவு வாங்குகிறது, வீம்பு எவ்வளவு வாங்குகிறது என்பது தானாகவே விளங்கும்.

பணம் வைத்து அமரச் சொல்லி அழைப்பு வந்தால், நான்கு வலிமைகளையும் வரிசையாய் எண்ணிப் பார்க்க வேண்டும். செயல் கடினம், மாற்றான் வலியவன், மேசைக்காரன் இருவர் பையிலும் கைவைப்பவன். இவ்வளவையும் கூட்டிய பிறகு வரும் விடை, அமராதே என்பதாக இருந்தால், அந்த விடையை ஏற்பதும் கோழைத்தனம் ஆகாது. வலியறிதலுக்கு ஓர் அதிகாரம் தந்த அதே வள்ளுவர், சூதுக்கும் ஓர் அதிகாரம் தந்திருக்கிறார் அல்லவா?